தோற்றவன் விரல்

மண்ணூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு ரூம் இருந்தது. அரசாங்கப் பணத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. உள்ளே ஒரு மேஜை, ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் ரத்தம் எடுக்கிற நாற்காலி, வாசலோரச் சுவரில் ஆணுறை நிரப்பிய பெட்டி. ஆரம்பத்தில் வெளியே ஒரு போர்டும் மாட்டியிருந்தார்கள். அது இருந்தவரை ஒரு ஈ கூட உள்ளே போகவில்லை. தெரு அதற்கு ‘எய்ட்ஸ் ரூம்’ என்று பெயர் வைத்துவிட்டது. பெயர் வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் மறுத்ததில்லை.

ரூமைப் பார்த்துக்கொண்டது ஒரு அக்கா. பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். வாய் என்னைவிட நீளம். ஒருநாள் அந்தப் போர்டைக் கழற்றி உள்ளே சாத்திவிட்டு, எங்கிருந்தோ ஒரு கேரம் போர்டைக் கொண்டுவந்து டிரம் மேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம். ஒரே ஒரு சட்டம்: தோற்றவன் திரைக்குப் பின்னால் போய் விரலை நீட்ட வேண்டும்.

விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கொஞ்ச நேரம் காத்திருந்தால் முடிவு. அந்த ஒரு சொட்டில் இரண்டு வியாதி தெரியும் என்பார் அக்கா. ஒன்று ஊருக்கே பெயர் தெரிந்தது. இன்னொன்று சிபிலிஸ், அதாவது மேகநோய். பெயர் நல்லா கீதே, பொண்ணு பொறந்தா வைக்கலாமா என்று கேட்டு அக்காவிடம் ஸ்கேலால் அடி வாங்கினேன்.

யாரையும் அவர் வலுக்கட்டாயமாகக் குத்தியதில்லை. ஆனால் தோற்றுவிட்டு நழுவுகிறவனை நாங்கள் விடுவோமா? சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளுவோம். முடிவு என்ன என்பது அக்காவுக்கும் அவனுக்கும் மட்டும்தான். அந்த ஆட்டத்தின் சூட்சுமம் அப்போது எனக்குப் புரியவில்லை. திரைக்குப் பின்னால் போகிறவன் தப்பு பண்ணினவன் இல்லை, ஆடத் தெரியாதவன். அவ்வளவுதான். அதனால் எல்லாரும் போனோம். நான்கூட இரண்டு தடவை போனேன், அதில் ஒன்று எனக்கு எதிராக நடந்த சதி.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா வரிசையாகக் கட்டிவிட்ட அறைகள் உண்டு. எல்லாவற்றிலும் கம்பெனி ஆட்கள். நான் ஓனர் மகன் என்றாலும், ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவன் என்பதால், அவர்களோடு அதே பஸ்ஸில் ஏறி ஒரகடத்தில் அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் பேக்கிங் வேலை பார்த்தேன். கடைசி அறையில் இருந்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். அவர் ஊர்ப் பேச்சைக் கிண்டல் பண்ணுவதற்காக அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. பேச்சு கம்மி, சோறு நிறைய. மெஷின் ஷாப்பில் கார் பாகங்களைக் கடைகிற லைனில் இருந்தார்.

அண்ணாச்சியைப் போலக் கேரம் ஆடுகிறவரை நான் பார்த்ததே இல்லை. காய் எந்தக் குழிக்கும் போகாது, ஸ்ட்ரைக்கர் மட்டும் நேராகப் போய் விழும். ஏறக்குறைய வாராவாரம் அவர்தான் திரைக்குப் பின்னால் போவார். இவ்வளவு அடிக்கடி தேவையே இல்லை என்று அக்கா பல ஞாயிறுகளில் சும்மா உட்காரவைத்து அனுப்பிவிடுவார்.

“தம்பி, உன் விரல்ல குத்த எடமே இல்லடா. அடுத்த வாட்டி கால் விரல நீட்டு” என்பார் அக்கா.

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். ஊரிலிருந்து வருகிற மனைவிக்குச் சிரமம் இல்லாமல் இருக்கட்டும் என்று நாங்கள் ஓட்டுவோம். அப்போதுதான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி ஊரில் அவர் அம்மாவோடு இருந்தாள். சாயங்காலம் போன் வந்தால் பிடுங்கிப் பேசுவது என் வேலை. அவர்கள் ஊர் வழக்கப்படி மதினி என்றுதான் கூப்பிடுவேன். உங்க வூட்டுக்காரர் இங்க ஒரு லைன் லீடர் பொண்ணோட ஓடிப்போயிட்டாரு மதினி என்று தொடங்குவேன். “அவளையாவது சமைக்கச் சொல்லுங்க கொழுந்தனாரே, மனுசன் எளைச்சுப் போனாரு” என்று பதில் வரும். பதிலுக்குப் பதில் பேசுகிற ஆள் கிடைத்ததில் எனக்கு ஏக சந்தோஷம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ரூமைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார். மேலிருந்து திட்டத்தை மாற்றிவிட்டார்களாம். கம்பெனித் தொழிலாளிகள் இருக்கிற இடங்கள் இனி தனியாகக் கணக்கில் வராது, லாரி டிரைவர்கள் நிற்கிற இடம் மாதிரி சிலதுக்கு மட்டும்தான் இனி பணம். மற்றவர்களுக்கான வேலையெல்லாம் அரசு ஆஸ்பத்திரியோடு சேர்த்தாகிவிட்டது, அங்கேயே இலவசமாகப் பார்ப்பார்கள், நல்லபடியாகவே பார்ப்பார்கள் என்றார். சொல்லும்போது அவர் முகம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

யோசித்தால் அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை. அதே பரிசோதனை, அதே மருந்து, படித்த ஆட்கள். ஆனால் அது காலை நேரத்தில், லீவு இல்லாத நாளில். எங்களுக்கு லீவு கேட்பதென்றால் சூப்பர்வைசர் முன்னால் நின்று என்ன வியாதி என்று சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் போகிற பஸ்ஸில் பாதிப் பேர் தெரிந்தவர்கள். ஆஸ்பத்திரியில் அந்த ரூம் கதவுக்கு மேல் ஒரு போர்டு இருக்கும், அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு பெஞ்ச் இருக்கும். அந்தப் பெஞ்சில் உட்காருகிறவன் கேரமில் தோற்றவன் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

சுவரில் இருந்த பெட்டியைத் திருகிக் கழற்றி எடுத்துக்கொண்டார் அக்கா. கேரம் போர்டை மட்டும் எங்களிடம் விட்டார்.

“இது என் தம்பியோடது. ஆபீஸ் சாமான் இல்ல. வச்சிக்கினு ஒழுங்கா ஆடுங்க.”

தோற்றால் இனி என்னக்கா பண்ணுவது என்று கேட்டேன். அவர் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

போர்டு எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்தது. தோற்றவன் எல்லாருக்கும் டீ வாங்கிவர வேண்டும் என்று நாங்களே சட்டத்தை மாற்றினோம். அண்ணாச்சி வாராவாரம் தூக்குவாளியில் டீ வாங்கிவந்தார்.

மதினி உண்டாகியிருந்தாள். அண்ணாச்சிக்கு நிலைகொள்ளவில்லை. போனில் சத்தம் கம்மியாகவும் சிரிப்பு அதிகமாகவும் பேச ஆரம்பித்தார். ஊரில் எல்லாப் பரிசோதனையும் எடுத்தாகிவிட்டது, ரத்தம் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார்களாம். அந்தச் செய்தியை லைன் முழுக்கச் சொன்னார், பிள்ளை ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்கிய மாதிரி.

சில மாதம் கழித்து அவருடைய உள்ளங்கையில் புள்ளிகள் வந்தன. செம்பு நிறத்தில், பாசிப்பயறு அளவில். எங்களில் யாருக்கும் அது அதிசயமாகப் படவில்லை. மெஷின் ஷாப்பில் கூலன்ட் என்று ஒன்று உண்டு. இரும்பைக் கடையும்போது சூடு தணிய, தண்ணி கலந்த பால் மாதிரி ஒரு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் முழுக்கக் கை அதில்தான் ஊறும். அந்த லைனில் பாதிப் பேருக்குக் கையில் தடிப்பு, வெடிப்பு, அரிப்பு. கூலன்ட் புடிச்சிகிச்சு என்போம், ஜலதோஷம் மாதிரி. அண்ணாச்சிக்கு உள்ளங்காலிலும் புள்ளி இருந்தது. அதற்கும் எங்களிடம் பதில் இருந்தது: கூலன்ட் ஷூவுக்குள் இறங்கி சாக்ஸ் நனைகிறது. மற்றவர்களுக்கு அரிக்கும், அவருக்கு அரிக்கவில்லை. அதைக்கூட நாங்கள் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

கம்பெனி முதலுதவி ரூமில் களிம்பு கொடுத்தார்கள். அவர்களும் கூலன்ட் என்றுதான் சொன்னார்கள், வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதைத்தானே சொல்கிறார்கள். சூப்பர்வைசர் இரக்கப்பட்டு அவரை மெஷினிலிருந்து எடுத்து என்னோடு பேக்கிங்கில் போட்டார். அன்று சாயங்காலம் மதினி போனில் கவலைப்பட்டாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

“மதினி, உண்மைய சொல்லிடறேன். அண்ணாச்சி இங்க ஒருத்தியோட பழகினு கீறாரு. பேரு கூலன்ட். கையயும் புடிச்சிட்டா, கால்லயும் வுழுந்துட்டா.”

“வெள்ளைக்காரியா கொழுந்தனாரே?”

“பால் கலரு மதினி.”

அவள் சிரித்த சிரிப்பு, எட்டத்தில் நின்றிருந்த அண்ணாச்சிக்கே கேட்டது.

வளைகாப்புக்கு அவர் ஊருக்குப் போனார். வளையல் வாங்க ஸ்ரீபெரும்புதூர் கடைவீதிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், பச்சையா சிவப்பா என்று கடைக்காரரைக் கொன்றுவிட்டார். திரும்பி வந்து போட்டோ காட்டினார். மதினியின் கன்னத்தில் அவர் சந்தனம் தடவுகிறார். முழங்கை வரை வளையல். அவருடைய உள்ளங்கை கேமரா பக்கம் திரும்பியிருந்தது, புள்ளிகள் இன்னும் லேசாகத் தெரிந்தன. அதன் பிறகு கொஞ்ச நாளில் புள்ளிகள் முழுசாக மறைந்துவிட்டன. மெஷினை விட்டார், புள்ளி போனது. இதற்குமேல் எங்களுக்கு என்ன ஆதாரம் வேண்டும்? களிம்பை நாங்களே வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டோம்.

செய்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணாச்சி அப்போதுதான் தோற்றுவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போன் அடித்தது. அவர் அம்மா. கேட்டார். பிறகு தூக்கை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். காலையிலிருந்து பிள்ளை அசையவில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளை உள்ளேயே போய்விட்டது.

அவரைப் பைக்கில் தாம்பரம் கொண்டுபோய்த் தென்காசி பஸ்ஸில் ஏற்றினேன். 

ஒரு மாதத்துக்குமேல் ஆகித் திரும்பி வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. யாரோடும் சேரவில்லை. வாராந்திர லீவு அன்று, வண்டியை எடு என்றார். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். நல்ல வெயில். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெண் குழந்தை. பார்க்க எல்லாம் சரியாக இருந்ததாம். ஏன் இப்படி ஆனது என்று மதினிக்கு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் சுத்தமாக இருந்த ரத்தத்தில் இப்போது மேகநோய். டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை, புருஷன் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். அவருக்கும் இருந்தது. கையில் கொஞ்ச நாள் முன்னால் புள்ளி வந்ததா என்று கேட்டிருக்கிறார்கள்.

மதினி உண்டான புதிதில், லீவு நாளில், இங்கேயே ஒருநாள். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. எங்கே, யார் என்று நான் கேட்கவில்லை. ஒரு விஷயத்தை நோண்டாமல் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“பெட்டி இருந்தப்ப பாக்கெட்ல ஒண்ணு கெடக்கும்லா” என்றார். “அதுக்கப்புறம் கடையில போய்க் கேக்கக் கூச்சமா இருந்துச்சு. ஒரு நா தானன்னு இருந்துட்டேன்.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். மதினி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் தப்பு பண்ணினதைக்கூட அவள் ஒருமாதிரி கேட்டுக்கொண்டாள். ஆனால் வளைகாப்புக்கு அந்தப் புள்ளியோடு வந்தாரே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. தெரிந்தே வந்தார், தெரிந்தே பக்கத்தில் படுத்தார், பிள்ளையை விட மானம் பெரிதாகப் போய்விட்டது அவருக்கு என்று நினைக்கிறாள். கூலன்ட் என்று சொன்னால், இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கதை என்கிறாள்.

“நான் சொன்னா நம்ப மாட்டேங்கா. நீ சொல்லுதியா?”

நான் அவரைப் பார்த்தேன். ஊரில் ஒருத்தன் விடாமல் எல்லாரையும் ஏமாற்றிச் சிரித்தவன் நான். இன்னார் செத்துப்போயிட்டார் என்று பொய் சொல்லி அழவைத்த ஆட்கள் எனக்கு இருக்கிறார்கள். சாட்சி சொல்ல இவருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை.

மதினியிடம் பேசுவதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் பண்ணினேன். அவர் இப்போது நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கிற ஒரு இடத்தில் இருக்கிறார். புள்ளியைப் பற்றிக் கேட்டேன். அந்த வியாதிக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அப்படி வரும், அரிக்காது, மருந்து போடாவிட்டாலும் தானாகவே மறையும், மறைந்தாலும் ரத்தத்தில் இருக்கும் என்றார். மெஷினிலேயே இருந்திருந்தாலும் போயிருக்கும் என்றார். ஆரம்பத்தில் பிடித்திருந்தால் ஒரு ஊசியோடு போய்விடும் என்றும் சொன்னார். யாருக்கு என்று கேட்டார். அக்காவிடம் மறைக்க வேண்டாம் என்று அண்ணாச்சியே சொல்லியிருந்ததால் சொன்னேன். பிள்ளையையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“அவன்தானடா எப்பவும் தோப்பான்” என்றார் அக்கா.

போனை வைத்துவிட்டார்.

மதினி உடனே எடுத்தாள். குரல் அவளுடையதாகவே இல்லை. சொல்லுங்க தம்பி என்றாள். கொழுந்தனாரே இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் படித்த மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன், அதில் ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. லைனில் பாதிப் பேருக்கு அரிப்பு உண்டு, கம்பெனியிலேயே களிம்பு கொடுத்தார்கள், மெஷின் மாற்றினார்கள், புள்ளி போனதும் நாங்கள் எல்லாரும் கைதட்டினோம் என்று கண்டபடி சொன்னேன்.

“நீங்க எப்பவும் வெளையாட்டாத்தான பேசுவீய” என்றாள்.

உண்மைதானே. பின்னால் அவள் வீட்டில் யாரோ குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது.

“அன்னைக்கும் கூலன்ட்டுன்னு தான் சொன்னீய” என்றாள். “பால் கலருன்னு.”

“ஆமா மதினி.”

“அது வெளையாட்டா, நெசமா?”

“ஒருத்தியோட பழகினு கீறார்னு சொன்னதுதான் வெளையாட்டு மதினி. கூலன்ட்டுதான்னு நெசமாவே நம்புனோம். அவரு, நானு, லைன்ல அத்தினி பேரும்.”

பிறகு, அவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார் போல, அந்தக் கேரம் ரூமைப் பற்றிக் கேட்டாள். அது இருந்திருந்தால் தெரிந்திருக்குமா என்றாள். நான் பொய் சொல்லியிருக்கலாம். அதில் எனக்குப் பழக்கம் அதிகம். தெரிந்திருக்கும் என்றேன். அவர் வாராவாரம் தோற்பார் என்றேன்.

“பொறவு ஏன் மூடுனாங்க?”

“ஆஸ்பத்திரியோட சேத்துட்டாங்களாம் மதினி.”

“யாரு?”

எதைக் கேட்டாலும் வாயில் பதில் வைத்திருப்பவன் என்று எனக்குப் பெயர். யார் என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரிந்திருக்காது. எங்கோ ஒரு மேஜையில் யாரோ ஒருவர் சரியான கணக்கோடுதான் போட்டிருப்பார், எங்கள் தெருவை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டார். அதை மதினியிடம் எப்படிச் சொல்வது? தெரியல என்றேன்.

அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்றோ, வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. தனக்கு வாரம் ஒரு ஊசி என்று மூன்று எழுதியிருக்கிறார்கள், பிரசவ உடம்பு என்று தானே தள்ளிக்கொண்டே போய் இப்போதுதான் முதல் ஊசி போட்டார்கள் என்றாள். இடுப்பில் போட்டால் நடக்க முடியவில்லை என்றாள். அம்மாவிடம் என்ன ஊசி என்று சொல்லவில்லை.

“ஒத்தையில போக முடியல. அவங்கள வரச் சொல்லுங்க.”

அண்ணாச்சி மறுநாளே வேலையை விட்டார். தனக்குப் போட்டுவந்த ஊசியில் மிச்சத்தை ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிக்கொண்டார். அறையைக் காலி பண்ணும்போது டீத்தூக்கை எங்களிடமே வைத்துவிட்டார். சேர்ந்திருக்கிறார்களா, ஊசிக்குத் துணை மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. நான் போன் பண்ணினால் எடுக்கிறார், சாப்பிட்டியாலே என்று கேட்கிறார். போனை மதினியிடம் கொடுங்கள் என்று நானும் கேட்பதில்லை.

இப்போது கடைசி அறையில் புதுசாக மூன்று பையன்கள். ஒருவன் மெஷின் ஷாப்பில். போன ஞாயிறு ஆடும்போது, பழைய சட்டத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றேன், தோற்றவன் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று. ஏன் என்று கேட்டார்கள். நான் முழுசும் சொன்னேன், பெயர் சொல்லாமல். ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். சரி என்றும் சொன்னார்கள். தோற்றது அந்த மெஷின் ஷாப் பையன்தான். உண்மையாகவே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான்.

“வாண்ணா. எங்க கூட்டினு போற?”

ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் அந்த ரூம் பூட்டியிருக்கும். மற்ற நாளில் அவனுக்குக் காலை ஷிஃப்ட். எனக்கும்தான். பைக் சாவியைக் கையில் எடுத்தேன், மறுபடி பாக்கெட்டில் போட்டேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடைசியில் ஏதோ ஜோக் அடிக்கப்போகிறேன் என்று.

அவன் தூக்கை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனான்.